படம் தவிர்க்கப்பட்டது

பதிமூன்று படங்களுக்குச் செயலாளரின் கையெழுத்து விழுந்துவிட்டது. இதயம், நுரையீரல், காது, கண், சிறுநீரகம், பூவின் நெடுக்குவெட்டு என்று ஒவ்வொன்றாக அவர் மேசைக்குப் போய், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கிற படங்கள். அட்டையின் மேல் நூலும் துணியும் மணியும் ஒட்டி, மேடும் பள்ளமுமாக ஒரு மூலப்படம் செய்ய வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சினால், தாள் அந்த மேடுபள்ளத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அந்தப் பிரெயில் அச்சகத்தில் மூலப்படம் செய்கிறவள் அவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள். முதலில் தட்டச்சு, பிறகு படம். இப்போது எல்லோருக்கும் படக்காரம்மா.

பதினான்காவதுதான் தொண்டையில் மாட்டிய முள்ளாக நின்றது.

இந்த வருடத்திலிருந்து பார்வையில்லாத மாணவர்களுக்கும் படக்கேள்வி உண்டு, படத்தைத் தடவிப் பாகங்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தேர்வு வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கூடவே பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய படங்களின் பட்டியல். அதன் கடைசி வரி: ஆண் இனப்பெருக்க மண்டலம்.

“இது நமக்கு வேண்டாம்மா,” என்றார் செயலாளர். பட்டியலைத் தான் பார்க்க வேண்டியிராதபடி அவள் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். “அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விலக்கு கேட்டு வாரியத்துக்கு எழுதப் போறேன். வர்ற வெள்ளிக்கிழமை கடிதம் போயிடும்.”

“பொண்ணுங்களோடது பதிமூணாவது சார். அதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டீங்களே.”

“அது வேற. அதுல வெளிய ஒண்ணும் இல்ல. எல்லாம் உள்ளுக்குள்ள அடக்கமா இருக்கு.”

அவள் சிரிப்பை விழுங்கினாள். கர்ப்பப்பைகூட அடக்க ஒடுக்கமாக இருந்தால்தான் பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்கும்போல.

“பிள்ளைங்க அதைத் தொட்டுப் பாப்பாங்களேம்மா. யோசிச்சீங்களா?”

“அவங்க எதைத்தான் தொடாம பாக்குறாங்க சார்?”

செயலாளர் பதில் சொல்ல வாயெடுத்து, “ஒரு நிமிஷம்” என்று எழுந்து போனார். அரைமணிக்கு ஒரு தரம் அவர் இப்படி எழுந்து போவது அலுவலகத்தில் எல்லோருக்கும் பழக்கம். வராந்தாக் கடைசியில் கதவு சாத்தப்படும். வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். திரும்பி வந்தபோது அவர் முகம் களைத்திருந்தது.

“இதுவரைக்கும் இருந்த மாதிரியே இருக்கட்டும். அந்தப் பாடத்துல ஒரு வரி இருக்கே, அது போதும்.”

எந்த வரி என்று அவள் கேட்கவில்லை. ‘படம் தவிர்க்கப்பட்டது. ஆசிரியரிடம் கேட்டு அறிக.’ அந்த வரியை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள செஞ்சு கொண்டுவரேன் சார். பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க.”

“செய்யறதுக்கு நான் குறுக்க நிக்கல. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

படியிறங்கும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சண்டைக்காரி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. பேருந்தில் யாராவது காலை மிதித்தால்கூட இவள்தான் மன்னிப்புக் கேட்பாள். பதினான்கு கேட்டால் பதினான்கு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம், தொழில் சுத்தம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கும் அடியில், செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்லைப்போல வேறொன்று உறுத்தியது. குனிந்து எடுத்துப் பார்க்க அவளுக்கு மனமில்லை. காலைச் சற்றுச் சாய்த்து வைத்து நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் அட்டையை விரித்து, அந்தப் படத்தின் பாகங்களுக்கு வாரியம் அனுப்பியிருந்த தனிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். பிள்ளை பெற்றாயிற்று, வளர்த்து வேலைக்கும் அனுப்பியாயிற்று. ஆனால் அந்த உடம்பின் வாசல் விலாசம்தான் அவளுக்குத் தெரியும். உள்ளே எந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

“என்னங்க, கொஞ்சம் வாங்க. விந்து நாளம் எங்க போகுது?”

கணவர் குழாய் வேலை செய்பவர். ஊரில் பாதி வீடுகளின் சுவருக்குள் எந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காபி டம்ளருடன் வந்து, அவள் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பெரிய படத்தைப் பார்த்தார். காபியைக் கீழே வைத்தார்.

“இதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்த?”

“அச்சகத்துல பசை காயுறதுக்குள்ள பத்துப் பேர் வந்து எட்டிப் பாக்குறாங்க. எங்க போகுதுன்னு சொல்லுங்க.”

“எனக்கென்ன தெரியும்? கீழ இருந்து நேரா வெளிய போகும்.”

“நேரா போகல. பாருங்க.”

அவர் குனிந்தார். சங்கடத்தில் குனிந்தவர், ஒரு நிமிடத்தில் தொழில்காரராக மாறிவிட்டார். சுட்டுவிரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். விந்தகத்திலிருந்து புறப்பட்ட நாளம் மேலே ஏறி, வயிற்றுக்குள் புகுந்து, சிறுநீர்ப்பையைச் சுற்றிப் பின்பக்கம் இறங்கி, அதன் அடியில் வந்து சிறுநீர் வெளியேறும் குழாயோடு சேர்ந்தது.

“எவன்டி இந்த லைன் போட்டது? அரை அடி தூரத்துக்கு ஊரைச் சுத்தி வந்திருக்கான். நானா இருந்தா கீழயே ஒரு இணைப்புக் குடுத்து முடிச்சிருப்பேன்.”

“உங்களைக் கேக்காம போட்டுட்டாங்க.”

“அது சரி, ரெண்டு லைனும் ஒரே குழாய்லதான வெளிய போகுது. ஒண்ணோட ஒண்ணு கலந்துக்காதா? வால்வு எங்க?”

அவள் படத்தோடு கொண்டுவந்திருந்த உடற்கூற்றுப் புத்தகத்தைப் புரட்டினாள். இருந்தது. விந்து வெளியேறும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை இறுகி மூடிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. படித்துச் சொன்னாள். அவர் மெச்சிக்கொள்வதுபோல் தலையை ஆட்டினார்.

“பரவால்ல. விவரமான ஆளுதான்.”

பிறகு அவரே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விந்தகம் ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்பதற்குப் புத்தகம் காரணம் சொன்னது. உள்சூட்டில் விந்தணு சரியாக உருவாகாது, இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி வேண்டும். குளிர்காலத்தில் பை சுருங்கி மேலே ஏறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். “அதான் சங்கதியா,” என்றார் அவர், ஐம்பது வருடச் சந்தேகம் தீர்ந்தவர்போல. விந்தகத்தின் முதுகில் தொப்பிபோல் ஒட்டியிருப்பது மேற்சுருள் நாளம். பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும். அவ்வளவும் ஒரு கட்டைவிரல் நீளத்துக்குள் சுருண்டிருக்கிறது. அதற்குள் ஊர்ந்து வருகிற சில நாட்களில்தான் விந்தணு நீந்தக் கற்றுக்கொள்கிறது.

“ஆறு மீட்டரா,” என்றார் அவர். “இதை எல்லாம் வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு ஏணி மேல ஏறி இறங்கிட்டு இருந்திருக்கேன்.”

மரமணி ஒன்றை நீளவாக்கில் அறுத்து இரண்டு விந்தகம் செய்தாள். மெல்லிய பருத்தி நூலைச் சுருட்டி மேற்சுருள் நாளம். சுருக்கம் விழுந்த துணியில் விதைப்பை. சிறுநீர்ப்பைக்கு வழவழப்பான துணி. நாளத்துக்கு முறுக்கு நூல். சிறுநீர்ப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி வளையம்போல் இருக்கிற புராஸ்டேட் சுரப்பிக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது, கணவர் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் வாஷரை எடுத்து வந்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. மணிகள் இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

வேலையின் நடுவே, கையில் பசையோடு, அவள் ஒரு கணம் நின்றாள். இத்தனை வருடத்தில் இவரும் தானும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. இருட்டில் பேசாமல் பழகிய விஷயம், பட்டப்பகலில் மேசைமேல் நூலும் மணியுமாகக் கிடந்தது. வெட்கம் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. பூதம் என்று பயந்து விளக்கைப் போட்டால் கொடியில் காயும் சட்டையாக இருப்பதுண்டு, அந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை முதல் பிரதி எடுத்தாள். எடுத்ததை ஆள்காட்டியிடம் கொண்டுபோனாள்.

ஆள்காட்டி அந்த அச்சகத்தின் பிழைதிருத்துநர். பிறவியிலேயே பார்வை இல்லை. வலது ஆள்காட்டி விரலால் ஒரு பக்கத்தைத் தடவிக்கொண்டே போய், பிழை வந்த இடத்தில் டக்கென்று நிறுத்துவார். யார் செய்த பிழை என்பதையும் சத்தமாகச் சொல்லிவிடுவார். அந்தப் பெயர் விரலுக்காக வந்ததா, காட்டிக்கொடுப்பதற்காக வந்ததா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அவர் தடவிப் பார்த்து, தலைப்பில் ‘சரி’ என்று ஊசியால் குத்திய பக்கம்தான் இயந்திரத்துக்குப் போகும். அந்தக் குத்து இல்லாத புத்தகத்தை வாரியம் வாங்கிக்கொள்ளாது.

“பதினாலா?” என்றார், தாளை வாங்கும்போதே. “ஊரே பேசுது. மெஷின் ரூம்ல ரெண்டு பேர் என்கிட்ட வந்து, அது வந்தா நீ எப்படிண்ணே தடவுவன்னு கேக்குறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க தம்பி?”

“விரலாலதான்னு சொன்னேன்.”

அவள் எதிரில் உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள். ஆள்காட்டியின் இரண்டு கைகளும் தாளின் மேல்விளிம்பில் தொடங்கி, வயலுக்குள் இறங்குகிற ஆட்களைப்போல நிதானமாகக் கீழே வந்தன. சிறுநீர்ப்பை. அடியில் வளையம். குழாய். அவர் முகத்தில் இதயத்தைத் தடவியபோது இருந்த அதே கவனம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்புவதை விட்டாள்.

“விந்துப்பை எங்கக்கா?”

“கீழ தொங்குதே தம்பி. சுருக்கத் துணி.”

“அது விதைப்பை. நான் கேக்குறது விந்துப்பை. சிறுநீர்ப்பைக்குப் பின்னால, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு இருக்கணும்.”

அவள் பாகங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. நான்காவது வரியில் விதைப்பை, ஏழாவது வரியில் விந்துப்பை. ஒரே சொல்லை அச்சுக்கோத்தவன் தப்பாக இரண்டு தடவை போட்டுவிட்டான் என்று நினைத்து, அவளாகவே ஒன்றை அடித்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் ஒற்றெழுத்துக்கும் புள்ளிக்கும் உயிரை விட்டவள், ஒரு உறுப்பையே அச்சுப்பிழை என்று நீக்கிவிட்டாள்.

“ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.”

“நாட்டுல பாதி ஆம்பளைங்க அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. விந்துப்பைன்னு பேர் இருக்கே தவிர, விந்தணுவ சேத்து வைக்கிற பை இல்ல அது. விந்தோட கலக்குற நீர்ல பாதிக்கு மேல அங்கதான் சுரக்குது. பேர் வச்சவனுக்குத் தெரியல, நீங்க என்ன பண்ணுவீங்க.” விரல்கள் கீழே இறங்கின. “ரெண்டும் ஏன் ஒரே மட்டத்துல இருக்கு?”

“எங்க வீட்டுக்காரர் ரசமட்டம் வச்சுப் பாத்தாரே.”

ஆள்காட்டி சத்தமாகச் சிரித்தார். “முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், அக்கா. பெரும்பாலும் இடது பக்கம். அண்ணன்கிட்ட சொல்லுங்க, அது அலமாரி இல்ல.”

அவளும் சிரித்துவிட்டாள். அவர் விரல் விந்தகத்திலிருந்து நாளத்தில் ஏறியது. பாதியில் நின்றது. பிழை கண்ட இடத்தில் நிற்பதுபோல இல்லை. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டதுபோல நின்றது.

“இது முறுக்கு நூலா?”

“ஆமா. சிறுநீர்க் குழாயோட குழம்பக் கூடாதுன்னு.”

“வேற போடுங்க. வழவழன்னு ஏதாவது.”

“விரலுக்குப் புரியலையா?”

“நல்லாப் புரியுது. அதனாலதான்.” கையைத் தாளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “எனக்குப் பதினாலு வயசுல, விடுதியில, ஒரு நாள் விடியக்காலம். இடது பக்கம், கீழ. உயிர் போற வலி. வார்டன் என்னடான்னு கேக்குறாரு. எனக்கு அதுக்கு என்ன பேர் சொல்றதுன்னு தெரியல. பசங்க சொல்ற வார்த்தை தெரியும், அதைப் பெரியவங்ககிட்ட சொன்னா பல்லு போயிடும். அதனால அடிவயிறு வலிக்குதுன்னு சொன்னேன். வயித்து வலி மருந்து குடுத்தாரு. பாவம், நல்ல மனுஷன்தான், ராத்திரி முழுக்க பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. மறுநாள் காலையில ஆஸ்பத்திரி. உள்ள விந்தகம் தொங்குற கொடி முறுக்கிக்கிச்சாம். ரத்தம் போகல. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பிரிச்சு விட்டிருக்கலாம்னாங்க. எடுத்துட்டாங்க.”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பாவப்படாதீங்க, ஒண்ணே போதும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. கடவுள் ஸ்பேர் வச்சுதான் அனுப்பியிருக்காரு.” சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “அந்த வருஷம் அறிவியல் புத்தகத்துல அந்தப் பக்கத்தைத் தேடித் தேடித் தடவினேன். படம் தவிர்க்கப்பட்டது. ஆசிரியரிடம் கேட்டு அறிக. போய்க் கேட்டேன். வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போயிட்டாரு. அது நடந்து மூணே மாசத்துல வலி வந்துச்சு.”

அவள் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. ஆள்காட்டிக்கு முப்பத்தாறு வயது. அதிலிருந்து பதினான்கைக் கழித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். முதன்முதலில் தட்டச்சு செய்யக் கொடுத்தது அறிவியல் புத்தகம்.

செருப்புக்குள் கிடந்த கல் எது என்று இப்போது தெரிந்தது.

அன்று சாயங்காலம் தகட்டறைக்குப் போனாள். பிரெயில் பக்கங்களைத் துத்தநாகத் தகட்டில் புள்ளிகளாக அடித்து வைத்திருப்பார்கள். மறுபதிப்பு வரும்போதெல்லாம் அதே தகட்டை இயந்திரத்தில் போட வேண்டியதுதான். அறிவியல், ஒன்பதாம் பாடம், நான்காம் தகடு. தேடி இழுத்து, கீழ் மூலையைத் தடவினாள். தகட்டை அடித்தவர் தன் அடையாளத்தை அங்கே வைப்பது வழக்கம். மூன்று புள்ளிகள், மடக்கிய முழங்கைபோல. அவளுடையது.

அன்று அந்த வரியை அடித்தபோது என்ன நினைத்தாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். ஒன்றும் நினைக்கவில்லை. ‘தவிர்க்கப்பட்டது’ என்பதில் எத்தனை ஒற்று என்று மட்டும் எண்ணியிருப்பாள். யார் தவிர்த்தார்கள் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்கிற சொல் அது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுதால் மனம் லேசாகிவிடும், லேசானால் பிடி நழுவிவிடும் என்று உடம்புக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. தகட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பசையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முறுக்கு நூலைப் பிய்த்துவிட்டு வழவழப்பான நாடா. சிறுநீர்ப்பைக்குப் பின்னே இரண்டு பக்கமும் விந்துப்பை. இடது மணி கொஞ்சம் கீழே.

வியாழக்கிழமை புதுப்பிரதியை ஆள்காட்டி தடவி முடித்தார். ஊசியை எடுத்து ‘சரி’ குத்தினார்.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். அந்த வரிய அடிச்சது நான்தான்.”

“தெரியும்க்கா.”

“எப்படி?”

“மூலையில உங்க முழங்கை இருக்கே. நான் இங்க வேலைக்குச் சேந்த முதல் வாரமே போய்த் தேடினேன்.”

பன்னிரண்டு வருடம். பன்னிரண்டு வருடமாகத் தினமும் அக்கா என்று கூப்பிட்டு, அவள் டப்பாவைத் திறந்து சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டவர்.

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? மேல இருந்து சொன்னாங்கன்னு. அது எனக்கே தெரியும்.” ஊசியைத் துடைத்து உறைக்குள் போட்டார். “அதுவும் இல்லாம, மறுபதிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக்கு ‘சரி’ குத்தினது யாரு? நான்தான். எழுத்துப்பிழை இல்ல, அதனால சரி. நாலு தடவை குத்தியிருக்கேன். உங்களை எந்த வாயால கேக்குறது?”

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் செயலாளர் அறைக்கு இரண்டு பேரும் போனார்கள். மேசையில் விலக்குக் கடிதம் உறையோடு தயாராக இருந்தது. அவள் படத்தை வைத்தாள். செயலாளர் அதை ஓரத்தில் இரண்டு விரலால் தூக்கி, சொட்டுகிற துணியைப்போலத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நாளைக்கு ஒரு அப்பா வந்து இதைத் தூக்கிக் காட்டினா, நான் என்ன பதில் சொல்றது? பழைய வரியே இருக்கட்டும்.”

“பழைய வரிய போட்டா, அந்தப் பக்கத்துக்கு நான் ‘சரி’ குத்த மாட்டேன் சார்,” என்றார் ஆள்காட்டி.

“என்னப்பா இது. இத்தனை வருஷமா குத்தின பக்கம்தானே. அதுல என்ன பிழை?”

“‘ஆசிரியரிடம் கேட்டு அறிக’ன்னு இருக்கு. நான் கேட்டேன். அவர் சொல்லல. அப்ப அந்த வரி பொய்தான சார். பொய்க்கு எப்படி ‘சரி’ன்னு குத்துறது? நாலு தடவை தெரிஞ்சே குத்திட்டேன். அஞ்சாவது தடவை முடியாது.”

செயலாளர் அவளைப் பார்த்தார். இவன் சொல்வதை நீயாவது மறுத்துப் பேசு என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. ஆள்காட்டி தன் கதையைச் சொல்லுவார் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதை எடுத்துச் சொல்ல அவளுக்கும் உரிமையில்லை. அந்தக் கதையை மனுவைப்போல நீட்டுவதற்காக அவர் அவளிடம் கொடுக்கவில்லை.

“ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க.”

“ஆமா சார்,” என்றாள் அவள். “அந்த வரிய அடிச்சது நான். அதனால எடுக்க வேண்டியதும் நான்தான். படம் போகலைன்னா, புத்தகம் குத்து இல்லாமத்தான் போகும். வாரியம் ஏன்னு கேட்டா நான் எழுதிக் குடுக்குறேன்.”

செயலாளர் எழுந்தார். “ஒரு நிமிஷம்” என்றார். கதவு வரை போனவர் திரும்பி வந்தார். போய்ப் பிரயோசனமில்லை என்று அந்த நடையே சொன்னது. மேசையில் கையை ஊன்றி நின்று, படத்தைப் பார்க்காததுபோல் பார்த்தார்.

“இதுல புராஸ்டேட் எது?”

அவர் குரல் அலுவலகக் குரலாக இல்லை. அவள் தாளை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“இந்த வளையம் சார். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழ. நடுவுலதான் குழாய் போகுது. விந்தோட கலக்குற நீர் இதுலயும் கொஞ்சம் சுரக்கும்.”

“டாக்டர் வீங்கியிருக்குன்னாரு. சரி சரின்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். எங்க இருக்குன்னு கேக்கல.”

“வயசானா இது பெருசாகும் சார். நிறையப் பேருக்கு ஆகும். பெருசானா நடுவுல போற குழாயை நெரிக்கும். தொட்டுப் பாருங்க.”

செயலாளர் கதவைப் பார்த்தார். பிறகு சுட்டுவிரலை நீட்டி, ஒரு ரப்பர் வாஷரின் வடிவத்தில் எழும்பியிருந்த அந்த வளையத்தைச் சுற்றி ஒருமுறை தடவினார். இன்னொரு முறை தடவினார். நடுவில் குழாய் நுழைகிற இடத்தில் விரல் நின்றது.

“இவ்வளவு சின்னதா இது,” என்றார். “இதுக்கா நான் ஆறு மாசமா யார்கிட்டயும் சொல்லாம…” வாக்கியத்தை முடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது.

“எந்த அப்பாவாவது வந்து கேட்டா உங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க சார். அவருக்கும் விளக்கிச் சொல்றோம்,” என்றார் ஆள்காட்டி.

கையெழுத்து விழுந்தது. உறையிலிருந்து கடிதத்தை உருவி நான்காக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். கிழித்துப் போடவில்லை. அவள் அதைக் கவனித்தாள். பரவாயில்லை என்று நினைத்தாள்.

தகட்டறையில் அந்தத் தகட்டை மேசைமேல் குப்புறப் போட்டாள். தகட்டில் ஒரு புள்ளியை அழிக்க வேண்டுமென்றால், மரச்சுத்தியால் மெல்லத் தட்டிச் சமமாக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பக்கத்து வரி நசுங்கும். விட்டுவிட்டுத் தட்டினால் புள்ளி பாதி நிற்கும். ‘படம்’ போயிற்று. ‘தவிர்க்கப்பட்டது’ நீளமான சொல், நேரம் எடுத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் தகடு சின்னதாக ஒரு சத்தம் போட்டது. ‘ஆசிரியரிடம்’. ‘கேட்டு’. அவளுக்கு மணிக்கட்டு வலித்தது. நிறுத்தவில்லை.

முடித்ததும் தகட்டைத் திருப்பி ஆள்காட்டியிடம் நீட்டினாள். அவர் வலது விரலை வைத்து, வெறுமையாகிவிட்ட இரண்டு வரிகளின் மேல் நிதானமாக நடத்திக்கொண்டு போனார். கடைசியில் விரல் டக்கென்று நின்றது.

“இங்க ஒரு புள்ளி நிக்குதுக்கா.”

“எங்க?”

அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். குண்டூசித் தலையளவுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விரலுக்கு மட்டும் தெரிந்தது. அவள் தகட்டை மறுபடியும் குப்புறப் போட்டுச் சுத்தியை எடுத்தாள்.